ஆள் செலவுத் திட்டமிடலா, காம்பன்சேஷனா: எந்த மாட்யூலை முதலில் நிறுவுவது?

ஜனவரி பிறந்ததும் ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு கேள்விகள் கிளம்பும். நிதிப் பிரிவின் தலைவர், "ஏப்ரல் முதல் அடுத்த மார்ச் வரை ஆட்களுக்கு மொத்தம் எவ்வளவு போகும்?" என்று கேட்பார். துறைத் தலைவர், "என் ஆட்களில் யாருக்கு எவ்வளவு ஏற்றலாம்?" என்று கேட்பார். இரண்டிலும் சம்பளம் என்ற சொல் வருவதால் இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துக்கொண்டு மென்பொருள் வாங்கக் கிளம்புகிறவர்களைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மென்பொருளில் இவை தனித்தனி மாட்யூல்கள், அதாவது தனித்தனியாக நிறுவும் பகுதிகள். முதல் கேள்விக்குப் பதில் சொல்வது பெர்சனெல் காஸ்ட் பிளானிங், அதாவது ஆள் செலவுத் திட்டமிடல். இரண்டாவதற்கு காம்பன்சேஷன் மேனேஜ்மென்ட், அதாவது ஊதிய உயர்வு, போனஸ் ஆகியவற்றை முடிவு செய்யும் மாட்யூல்.

என் வேலை, எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருளின் மனிதவள மாட்யூல்களை நிறுவிக்கொடுப்பது. அதனால் இங்கே சொல்வதில் எஸ்ஏபி வாடை அடிக்கும். ஆனால் இந்தப் பிரிவினை எல்லாப் பெரிய மென்பொருளிலும் உண்டு. மனிதவள மென்பொருள் விற்கும் வொர்க்டே நிறுவனம் 2018-இல் அடாப்டிவ் இன்சைட்ஸ் என்ற நிறுவனத்தை வாங்கியது திட்டமிடலுக்காக. காம்பன்சேஷன் அதற்கு முன்பே அவர்களின் மனிதவள மென்பொருளில் இருந்தது.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம், கோவைப் பக்கம் நடுத்தர அளவிலான ஒரு தொழிற்சாலை. 600 தொழிலாளர்கள், 140 அலுவலர்கள். கைவசம் ஒரு மாட்யூலுக்குத்தான் பட்ஜெட் இருந்தது. எதை எடுப்பது என்று இரண்டு மாதம் விவாதம் நடந்தது.

திட்டமிடல் மாட்யூல் நாற்காலிகளை எண்ணும். காம்பன்சேஷன் மாட்யூல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும். என்னைப் பொறுத்தவரை அடிப்படை வித்தியாசம் இதுதான். ஜூலையில் நிரப்பப்போகும் மூன்று காலியிடங்கள், செப்டம்பரில் ஓய்வு பெறும் ஃபோர்மேன், அவருக்குப் பதில் குறைந்த சம்பளத்தில் வரப்போகிறவர், ஆகஸ்டில் தொடங்கும் இரண்டாவது ஷிப்ட், எல்லாமே திட்டமிடலுக்குச் செலவுதான். இன்னும் யாரென்று தெரியாத ஆளுக்கும் அது கணக்குப் போட்டாக வேண்டும். காம்பன்சேஷனுக்குக் காலியிடம் என்ற ஒன்றே கிடையாது. பணியாளர் எண் இருந்தால்தான் அங்கே வேலை.

எஸ்ஏபியில் இது தரவு வைக்கும் இடத்திலேயே தெரிந்துவிடும். திட்டமிடலில் பணியாளருக்கான செலவுத் தரவு 0666 இன்ஃபோடைப்பில், அதாவது அந்த எண்ணுள்ள தரவுப் பதிவு வகையில், உட்காரும். பதவி, துறை போன்றவற்றுக்கான தரவு 5010-இல் போகும். காலியிடத்தின் செலவு இந்த இரண்டாவதில்தான் இருக்கும். முதலில் தரவைத் திரட்ட வேண்டும். அடிப்படைச் சம்பளத்தில் இருந்து எடுக்கலாம், பழைய பேரோல் (மாதச் சம்பளக் கணக்கு) முடிவுகளில் இருந்தும் எடுக்கலாம். பிறகு ஒரு திட்டம் உருவாக்கி ஓட்டினால் மாதவாரியாகச் செலவு இனங்கள் வரும். அடிப்படைச் சம்பளம் ஓர் இனம், அதைச் சார்ந்து வரும் பிஎஃப் இன்னோர் இனம். துறைத் தலைவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். கடைசியில் திட்டத்தை ரிலீஸ் செய்து செலவுக் கணக்கைப் பார்க்கும் கன்ட்ரோலிங் மாட்யூலுக்கு அனுப்பினால் ஒவ்வொரு காஸ்ட் சென்டரிலும், அதாவது செலவு எழுதும் பிரிவிலும், போய் விழும். ஒரே தரவை வைத்து இரண்டு மூன்று திட்டங்கள் ஓட்டி ஒப்பிடவும் முடியும்.

காம்பன்சேஷன் வேறு பாதை. பணியாளர் எந்த ஊதியத் திட்டத்தில் சேருவார் என்பது 0758 இன்ஃபோடைப்பில் இருக்கும். அவருக்கு இந்த ஆண்டு என்ன முடிவானது என்பது 0759-இல் பதியும். தகுதி விதிகள், யாருக்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும் வழிகாட்டு அட்டவணை, துறைக்கு ஒதுக்கிய பட்ஜெட் எல்லாம் வைத்து மேலாளர் திரையில் ஒரு பட்டியல் வரும். அவர் போடும் எண் சமர்ப்பிக்கப்பட்டு, ஒப்புதல் பெற்று, ஆக்டிவேட் ஆனதும் நேராக அடிப்படைச் சம்பளப் பதிவிலேயே போய் எழுதும். அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் அது தெரியும். திட்டமிடலில் தப்பு நடந்தால் பட்ஜெட் தப்பும். காம்பன்சேஷனில் தப்பு நடந்தால் ஒருவருடைய வங்கிக் கணக்கில் தப்பான பணம் விழும். சோதனைக்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்று தீர்மானிக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

சரி, ஒரே ஊதிய உயர்வு இரண்டிலும் எப்படித் தெரியும்? ஒருவருக்கு மாதம் 50,000 ரூபாய் மொத்தச் சம்பளம். அதில் அடிப்படை 30,000, வீட்டு வாடகைப் படி 12,000, சிறப்புப் படி 8,000. மேலாளர் 10 சதவீதம் ஏற்றுகிறார், எல்லாக் கூறுகளும் அதே விகிதத்தில் ஏறுகின்றன. காம்பன்சேஷன் திரையில் தெரிவது மாதம் 5,000 ரூபாய் உயர்வு, ஆண்டுக்கு 60,000.

நிறுவனத்துக்கு ஆகும் செலவு அதோடு நிற்காது. அடிப்படை 3,000 ரூபாய் ஏறியதால், முழு அடிப்படைக்கும் 12 சதவீதம் பிஎஃப் கட்டும் நிறுவனமாக இருந்தால் அதில் 360 ரூபாய் கூடும். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) ஒதுக்குவது அடிப்படையில் ஏறக்குறைய 4.81 சதவீதம், அதில் 144 ரூபாய். ஆக மாதம் 5,504. ஆண்டுக்கு 66,048. இன்னொன்றும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. கிராஜுவிட்டி கடைசியாக வாங்கிய சம்பளத்தின்மேல் எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படும். இவர் ஏற்கெனவே 15 ஆண்டு வேலை பார்த்தவர் என்றால், 3,000 ரூபாய் உயர்வு கடந்த 15 ஆண்டுகளுக்கும் பின்னோக்கிப் பாயும். மாதச் சம்பளத்தில் 26-இல் 15 பங்கு, பெருக்கல் 15. அதாவது 25,961 ரூபாய் பொறுப்பு ஒரே நாளில் கூடிவிடுகிறது. மேலாளர் திரையில் இதற்கு இடமே இல்லை. இருக்கவும் தேவையில்லை. அவர் பார்க்க வேண்டியது ஆளின் உழைப்பை.

ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசு காப்பீட்டில் இன்னொரு வளைவு. 2017 முதல் அதன் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். 2019 ஜூலை முதல் நிறுவனம் கட்டும் பங்கு 3.25 சதவீதம். 20,500 வாங்கியவர் 21,500-க்குப் போனால் வரம்பைத் தாண்டுகிறார். ஆனால் உயர்வு ஜூலையில் வந்தால் உடனே வெளியேற மாட்டார். பங்களிப்புக் காலம் முடியும் செப்டம்பர் வரை முழுச் சம்பளத்துக்கும் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு அவருக்கு மருத்துவக் காப்பீடு எங்கிருந்து வரும்? குரூப் இன்ஷூரன்ஸ் எடுக்கும் நிறுவனமாக இருந்தால் ஒரு செலவு போய் இன்னொன்று வரும். திட்டமிடலில் இதை விதியாக எழுதிவைக்க முடியும். காம்பன்சேஷனில் அப்படி ஒரு கேள்வியே எழாது.

ஒருவருக்கும் ஒரு ரூபாய்கூட ஏறாமல் செலவு மட்டும் ஏறும் சூழலும் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. ஊதியம் என்ற சொல்லின் விளக்கம் மாறியது. ஊதியக் கணக்கில் சேராமல் விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கருதப்படும். 50,000 வாங்குகிறவருக்கு அடிப்படை 17,500, மீதியெல்லாம் அப்படிப்பட்ட படிகள் என்று வைத்திருந்த நிறுவனத்தில், கிராஜுவிட்டிக்கான ஊதியம் 25,000 ஆகிறது. ஓர் ஆண்டுப் பணிக்கு 10,096 ஆக இருந்தது 14,423 ஆகிவிடும். பிஎஃப் கணக்கை 15,000 ரூபாய் வரம்போடு நிறுத்தி மாதம் 1,800 மட்டும் கட்டும் இடங்களில் அதில் மாற்றம் இருக்காது. மொத்தத்தில் எவ்வளவு கூடும் என்று அறிய, எல்லாப் பணியாளருக்கும் ஒருமுறை சிமுலேஷன் ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த மாதிரி நேரத்தில்தான் திட்டமிடல் மாட்யூல் போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

இப்போது கோவைத் தொழிற்சாலைக்கு வருகிறேன். அங்கே 600 தொழிலாளர்களின் சம்பளத்தை எந்த மேலாளரும் தீர்மானிப்பதில்லை. தொழிற்சங்க ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, பழகிய வாயில் இன்றும் அதை 12(3) என்றுதான் சொல்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பேச்சுவார்த்தை. தர மதிப்பீடு, வழிகாட்டு அட்டவணை எதற்கும் அங்கே இடமில்லை. காம்பன்சேஷன் மாட்யூல் வாங்கியிருந்தால் 740 பேரில் 140 பேருக்கு மட்டும்தான் அது பயன்பட்டிருக்கும்.

ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் என்ன தேவைப்படுகிறது என்று பாருங்கள். சங்கம் ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய் உயர்வு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டிலேயே முழுவதையும் கொடுத்தால் ஆண்டுக்கு 2.88 கோடி, மூன்று ஆண்டுக்கு 8.64 கோடி. அதையே 2,000, 1,200, 800 என்று பிரித்துக் கொடுத்தால் முதல் ஆண்டு 1.44 கோடி, இரண்டாம் ஆண்டு 2.30 கோடி, மூன்றாம் ஆண்டு 2.88 கோடி, மொத்தம் 6.62 கோடி. கடைசியில் தொழிலாளிக்கு வரும் மாதச் சம்பளம் ஒன்றுதான், இடையில் இருப்பது இரண்டு கோடி வித்தியாசம். இதை எக்செல்லிலும் போட்டுவிடலாம், உண்மைதான். ஆனால் உயர்வு அடிப்படையில் ஏறுகிறதா, படியில் ஏறுகிறதா? தொழிற்சாலையில் ஓவர்டைம் இரட்டிப்புச் சம்பளம் என்பதால் அடிப்படை ஏறினால் ஓவர்டைம் செலவும் கூடவே ஏறும். பஞ்சப்படி விலைவாசிக் குறியீட்டோடு கட்டப்பட்டிருந்தால், குறியீடு எத்தனை புள்ளி ஏறும் என்று ஓர் அனுமானம் வேண்டும். இந்த மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறவர்களைக் கழிக்க வேண்டும். அவர்கள்தான் அதிகச் சம்பளக்காரர்கள், அவர்களுக்குக் கிராஜுவிட்டியும் கொடுத்தனுப்ப வேண்டும். அடுத்த சுற்றுப் பேச்சில் எண் மாறும், மறுநாள் காலைக்குள் புதிய கணக்கு வேண்டும். அந்த வேகத்தில் எக்செல் தாங்காது. நான் பார்த்த ஓர் இடத்தில், இப்படி ஓர் இரவில் மாற்றிய தாளில் ஒரு ஃபார்முலா ஒரு வரிசையோடு நின்றுபோய், கடைசி 40 பேர் கணக்கில் வராமலே போனார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் தெரிந்தது.

அதனால் கோவைத் தொழிற்சாலைக்கு ஆள் செலவுத் திட்டமிடலை முதலில் எடுக்கச் சொன்னேன். தயக்கம் இல்லாமல் சொன்னேன்.

அதே பதிலை ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்துக்கோ தனியார் வங்கிக்கோ சொல்ல மாட்டேன். அங்கே எல்லோருக்கும் அப்ரைசல் உண்டு, மேலாளர் கையில் அதிகாரம் உண்டு, வலிக்கும் இடமும் அதுதான். மனிதவளப் பிரிவு ஒவ்வொரு மேலாளருக்கும் ஒரு எக்செல் தாளை மின்னஞ்சலில் அனுப்பும். 80 மேலாளர் என்றால் 80 தாள். திரும்பி வரும்போது சில தாள்களில் வரிசை மாறியிருக்கும், சிலவற்றில் பட்ஜெட் தாண்டியிருக்கும், ஒன்று தவறான ஆளுக்குப் போயிருக்கும். அப்படித் தவறிப் போன ஒரு தாளால் ஒரு குழு முழுவதற்கும் ஒருவர் சம்பளம் இன்னொருவருக்குத் தெரிந்துபோனதை நேரில் கண்டேன். ஒரே வேலை, ஒரே அனுபவம், இருவருக்கும் இடையே கணிசமான வித்தியாசம். அந்தக் குழு பழையபடி ஆகவே இல்லை.

காம்பன்சேஷன் மாட்யூலில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வழிகாட்டு அட்டவணை. ஒரு பக்கம் தர மதிப்பீடு, இன்னொரு பக்கம் காம்பா ரேஷியோ, அதாவது அந்தப் பதவிக்கான சம்பள வரம்பின் நடுப்புள்ளியோடு ஒப்பிட்டால் இவர் எங்கே நிற்கிறார் என்பது. நடுப்புள்ளி 60,000, இவர் வாங்குவது 51,000 என்றால் 0.85. நல்ல தரம், ஆனால் 0.85-இல் நிற்கிறார் என்றால் அட்டவணை 12 சதவீதம் சொல்லும்படி வைக்கலாம். அதே தரம், 1.10-இல் நிற்பவருக்கு 6 சதவீதம் போதும் என்று வைக்கலாம். மேலாளர் மீறலாம், ஆனால் காரணம் எழுதச் சொல்லலாம். அந்தக் காரணம் பதிவில் இருக்கும். வாய் திறந்து கேட்கத் தெரியாத, நன்றாக வேலை செய்கிற ஒருவர் ஆண்டுக்காண்டு பின்தங்கிப் போவதை இந்த ஒரு திரை காட்டிக்கொடுத்துவிடும். அதைக் காட்டிக்கொடுக்காத மென்பொருளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டில் ஒன்றை வைத்தே மற்றதையும் சமாளித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். திட்டமிடலில் ஆள்வாரியாக உயர்வு சதவீதம் போட்டு, அதையே ஊதிய உயர்வாக எடுத்துக்கொள்வது ஒரு வழி. ஒப்புதல் படிநிலை, தகுதி விதி எதுவும் இல்லாமல், பட்ஜெட்டுக்காகப் போட்ட அனுமானம் அப்படியே ஒருவருடைய சம்பளமாகிவிடும். எதிர்ப்பக்கமாகவும் செய்கிறார்கள். காம்பன்சேஷனில் உயர்வுகளைக் கூட்டி, இதுதான் அடுத்த ஆண்டுச் செலவு என்று நிதிப் பிரிவுக்கு அனுப்புவது. அதில் காலியிடமும் பிஎஃபும் ஓவர்டைமும் இருக்காது. இரண்டுமே வேண்டாம்.

ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பல தொழிற்சாலைகளில் அவர்கள் மனிதவள மென்பொருளில் பணியாளராகவே இருக்க மாட்டார்கள். அவர்களுக்கான பணம் ஒப்பந்ததாரரின் பில்லாகப் பர்ச்சேஸ் வழியே போகும். ஆகவே திட்டமிடல் மாட்யூலை ஓட்டினாலும் அந்தச் செலவு வராது. தனி இனமாகத் துறைக்குச் சேர்க்க வேண்டும். கோவையில் முதல் முறை ஓட்டியபோது நிதிப் பிரிவு எதிர்பார்த்த எண்ணுக்கும் எங்களுடைய எண்ணுக்கும் பெரிய இடைவெளி. தேடிப் பார்த்ததில் அதில் பெரும்பகுதி இதுதான்.

மீதி இடைவெளி எங்கே என்று கேட்டால், பதவிப் பட்டியலில். ஆள் போய் நான்கு ஆண்டான பதவிகள் இன்னும் காலியிடமாகக் காட்டிக்கொண்டிருந்தன. மென்பொருள் அவற்றுக்கெல்லாம் விசுவாசமாகச் செலவு போட்டிருந்தது. நாற்காலிகளை எண்ணுகிற மாட்யூலுக்கு நாற்காலிப் பட்டியல் சரியாக இருக்க வேண்டும். திட்டமிடலைத் தேர்ந்தெடுத்தால் முதல் இரண்டு மாதம் பதவிகளைச் சுத்தம் செய்ய ஒதுக்குங்கள். காம்பன்சேஷனுக்கு அந்த அளவு தேவையில்லை. ஆனால் யாருக்கு யார் மேலாளர் என்ற சங்கிலி பிசகாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் திரையில் அடுத்தவருடைய ஆட்கள் வருவார்கள்.

ரகசியம் பற்றியும் சொல்ல வேண்டும். காம்பன்சேஷனில் யார் யாரைப் பார்க்கலாம் என்பதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். திட்டமிடலில் பெயர் இல்லாமல் கூட்டுத்தொகை மட்டும்தானே போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கும் காஸ்ட் சென்டரில் கூட்டுத்தொகை தெரிந்தால், அதில் ஒருவருக்கு மற்றவர் சம்பளம் தெரிந்துவிடும். சின்னக் காஸ்ட் சென்டர்களை ஒரு படி மேலே சேர்த்து அனுப்புவதே நல்லது.

எந்தப் பதிப்பில் நிறுவுவது என்பதும் முடிவை மாற்றும். எஸ்ஏபியின் பழைய ஈசிசி மென்பொருளுக்கு, அதன் பிந்தைய மேம்பாட்டுத் தொகுப்புகளில் இருப்பவர்களுக்கு, வழக்கமான பராமரிப்பு 2027 இறுதி வரை. கூடுதல் கட்டணம் கொடுத்தால் 2030 இறுதி வரை. அதற்கு அடுத்த தலைமுறையான எஸ்/4ஹானாவுக்கான மனிதவளப் பதிப்புக்கு 2040 வரை உறுதி கொடுத்திருக்கிறார்கள். கிளவுடுக்குப் போகிறவர்களுக்குப் பிரிவினை இன்னும் தெளிவாகத் தெரியும். எஸ்ஏபியிலேயே ஊதிய உயர்வு சக்சஸ்ஃபேக்டர்ஸ் என்ற மென்பொருளில், செலவுத் திட்டமிடல் எஸ்ஏபி அனலிட்டிக்ஸ் கிளவுட் என்ற இன்னொன்றில். இரண்டு சந்தா, நடுவில் தரவு கொண்டுபோகும் வேலை. இன்று பழைய ஈசிசியில் புதிதாகக் காம்பன்சேஷன் நிறுவ யாராவது சொன்னால், சில ஆண்டுகளில் மறுபடியும் நிறுவ வேண்டியிருக்குமே என்று கேளுங்கள். திட்டமிடலில் அந்த இழப்பு குறைவு. ஆண்டுத் திட்டம் அந்த ஆண்டோடு முடிந்துவிடும், ஐந்து ஆண்டு ஊதிய வரலாற்றைப் புது மென்பொருளுக்கு மாற்றும் தலைவலி கிடையாது.

இரண்டையும் என்றாவது இணைக்கத்தான் வேண்டும், இணையும் இடம் பட்ஜெட். திட்டமிடலில் ஊதிய உயர்வுக்கு என்று ஒதுக்கிய தொகை, துறைவாரியாகக் காம்பன்சேஷனின் பட்ஜெட்டாகப் போக வேண்டும். முடிவான உயர்வுகள் திரும்பி வந்து அடுத்த ஓட்டத்தில் அனுமானத்தின் இடத்தில் உட்கார வேண்டும். இங்கே மாதக் கணக்கில் தவறு நடக்கும். உயர்வு ஜூலை முதல் என்றால் இந்த நிதியாண்டில் ஒன்பது மாதச் செலவுதான். மேலே பார்த்தவருக்கு 66,048 இல்லை, 49,536. மேலாளர் பட்ஜெட்டை ஆண்டுச் சதவீதமாகவும் நிதிப் பிரிவு நிதியாண்டுத் தொகையாகவும் பேசினால், இரு தரப்பும் தங்கள் கணக்கில் சரியாக இருந்துகொண்டே சண்டை போடுவார்கள். எந்த மொழியில் பேசுவது என்று முதல் கூட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

கோவையில் இரண்டாம் ஆண்டு 140 அலுவலர்களுக்குக் காம்பன்சேஷன் சேர்த்தோம். அப்போது பட்ஜெட் தொகை தயாராக இருந்ததால் அந்த வேலை சுலபமாக முடிந்தது.

விற்க வருகிறவர்கள் டெமோ காட்டும்போது அவர்களின் மாதிரித் தரவைப் பார்க்காதீர்கள். உங்கள் ஆட்களில் மூன்று பேரின் விவரத்தைப் பெயர் நீக்கி எடுத்துப் போங்கள்: 15 ஆண்டு வேலை பார்த்த ஒருவர், ஈஎஸ்ஐ வரம்பின் ஓரத்தில் நிற்கும் ஒருவர், ஆகஸ்டில் நிரப்பப்போகும் ஒரு காலியிடம். ஜூலை முதல் 10 சதவீதம் ஏற்றச் சொல்லுங்கள். மார்ச் வரை மூன்றுக்கும் மாதவாரியாக எவ்வளவு ஆகும் என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். காலியிடத்தைச் சேர்க்க முடியாது என்று சொன்னால் அவர் உங்களுக்கு விற்பது காம்பன்சேஷன். உயர்வுக்கு யார் ஒப்புதல் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்று காட்ட முடியாவிட்டால் அது திட்டமிடல். பெட்டியின்மேல் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் சரி.